ஆதாரப்படி இல்லாத குழாய்

பிளம்பரின் மகளுக்கு வீட்டில் துருவி என்று பெயர். எதைச் சொன்னாலும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் அவள் அம்மா வைத்த பெயர். ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. அதற்காகப் பள்ளியைக் குறை சொல்ல முடியாது. பள்ளி தன்னால் ஆன முயற்சியை எல்லாம் செய்துகொண்டுதான் இருந்தது.

அந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு ஆய்வுக் கட்டுரை கட்டாயமாக்கப்பட்டது. அதை விளக்கப் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தார்.

“இன்னிக்கு எல்லாப் பிள்ளைங்க கையிலயும் போன் இருக்கு. கண்டதையும் படிக்கிறாங்க, கண்டதையும் நம்புறாங்க. நம்ம பள்ளியில அது நடக்காது. எதை நம்பணும், எவ்வளவு நம்பணும்னு நாங்களே பட்டியல் போட்டுட்டோம். இனிமே பிள்ளைங்க யோசிச்சுக் கஷ்டப்பட வேண்டியதே இல்ல.”

பெற்றோர் கைதட்டினார்கள். பிளம்பரும் தட்டினார். மகள் கஷ்டப்படக் கூடாது என்பதில் அவருக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பட்டியலை ஆளுக்கொரு தாளாகக் கொடுத்தார்கள். நூலகப் புத்தகத்துக்கு ஐந்து புள்ளி. அரசு அலுவலக இணையதளத்துக்கும் ஐந்து. கலைக்களஞ்சியத்துக்கு நாலு. நாளிதழுக்கு இரண்டு. இதர இணையதளங்களுக்கு ஒன்று. கடைசி வரியில் ‘மனிதர்கள்’ என்று போட்டு, எதிரே பூஜ்யம் போட்டிருந்தார்கள். புத்தகத்தில் ஏற்கெனவே மேற்கோள் காட்டப்பட்டவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று அடிக்குறிப்பு சொன்னது. கட்டுரைக்குக் குறைந்தது இருபது புள்ளி வேண்டும். இரண்டு ஆதாரங்கள் முரண்பட்டால் அதிகப் புள்ளி உடையதே உண்மை.

துருவி எடுத்துக்கொண்ட தலைப்பு ‘எங்கள் தெருவின் குடிநீர்’. போன மழைக்காலத்தில் அவள் அம்மா மஞ்சள் காமாலையில் நாற்பது நாள் படுத்துக் கிடந்தாள். அதே தெருவில் இன்னும் ஆறு பேர் படுத்தார்கள். குழாய் வாயில் கட்டிய வெள்ளைத் துணி இரண்டு நாளில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். ஏன் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“இதுக்கு எதுக்கு ஆய்வு? என்னைக் கேளு” என்றார் பிளம்பர். “மூணு வருஷம் முன்னால மூலை வீட்டுக்கு இணைப்பு குடுக்கத் தெருவைத் தோண்டினேன். அடியில பழைய இரும்புக் குழாய்தான் கிடக்கு. துரு தின்னு சல்லடையா இருக்கு. ஒரு முழம் தள்ளிச் சாக்கடை. தண்ணி விடாத நேரத்துல சாக்கடை கசிஞ்சு குழாய்க்குள்ள போவும். தண்ணி விட்டதும் அது நம்ம வீட்டுக்கு வரும்.”

துருவி மளமளவென்று எழுதிக்கொண்டாள். பிறகு பட்டியலைப் பார்த்தாள்.

“அப்பா, நீங்க பூஜ்யம்.”

“உங்கம்மா பத்து வருஷமா இதைத்தான் சொல்லிட்டிருக்கா” என்றார் அவர்.

மறுவாரம் அரைநாள் வேலையை விட்டுவிட்டு மகளை நகர மைய நூலகத்துக்கு அழைத்துப் போனார். வாசலில் காவலாளி பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார். பேனாவையும் வாங்கிக்கொண்டார், புத்தகத்தில் கிறுக்குவார்களாம். குடையையும் வாங்கிக்கொண்டார். காரணம் கேட்டதற்கு, விதி எழுதிய அன்று மழை பெய்திருக்கும் என்றார். ஒரு பென்சிலும் நாலு வெள்ளைத் தாளும் மட்டும் உள்ளே போக அனுமதி கிடைத்தது.

புத்தகங்களைத் தேடித் தரும் கணினி உறை போட்டு மூடப்பட்டிருந்தது. அதன் தலையில் ‘கணினியைப் பயன்படுத்துவது எப்படி’ என்ற புத்தகத்தை வைத்திருந்தார்கள், உறை பறக்காமல் இருக்க.

நூலகர் அன்பான மனிதர். துருவி தலைப்பைச் சொன்னதும் எழுந்து வந்து அவரே காட்டினார். பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் மூன்றாவது தட்டில் ‘நகரக் குடிநீர் வரலாறு’ நின்றுகொண்டிருந்தது.

“திறந்து தர முடியுமா சார்?” என்றாள் துருவி.

“சாவி துணை நூலகர்கிட்ட இருக்கும்மா. அவரு வாசகர் சேவைப் பயிற்சிக்குப் போயிருக்காரு. வர ரெண்டு வாரம் ஆகும்.”

“எப்பவும் பூட்டியேதான் இருக்குமா?”

“பூட்டலைன்னா பக்கத்தைக் கிழிச்சிடுறாங்களே! பூட்ட ஆரம்பிச்சு நாலு வருஷமாச்சு. ஒரு பக்கம் கிழியலை. ஒரு ஆளு தொடலை. பராமரிப்புல நமக்குத்தான் முதலிடம்.” கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசியை அவர் கைக்குட்டையால் துடைத்தார். “உனக்கு அவசரம்னா இப்பவே குறிச்சுக்க. தலைப்பு தெரியுது, ஆசிரியர் பேரு தெரியுது. பக்க எண்தான் வேணும். நூறுக்கு மேல ஏதாவது போட்டுக்க. முழுசாப் படிச்ச மாதிரி இருக்கும்.”

பிளம்பர் அலமாரியின் பூட்டைக் குனிந்து பார்த்தார். ஒரு கம்பி போதும், திறந்துவிடலாம். மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

திரும்பும்போது நூலக நடையைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் துடைப்பத்தை நிறுத்தினார். “என்ன தேடுறீங்க?” என்றார். அவர்கள் உள்ளே நுழைந்ததிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. துருவி சொன்னாள். அந்த அம்மா அவர்களைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே பழைய நாளிதழ்கள் வருடவாரியாகக் கட்டிக் கிடந்தன.

“யாரும் வர்றதில்லை. கரையான் அரிக்காம நான்தான் மாசாமாசம் மாத்தி அடுக்குறேன். குழாய் போடுற வேலை நடந்தது என் சின்ன மக பொறந்த வருஷம். ஏழு வருஷம் ஆச்சு. அந்தக் கட்டைப் பாருங்க.”

மூன்று மணி நேரம் புழுதியில் உட்கார்ந்து பார்த்தார்கள். உள்பக்கத்தில் உள்ளங்கை அளவு செய்தி ஒன்று கிடைத்தது. குழாய் மாற்றும் பணி பாதியில் நிறுத்தம். பன்னிரண்டு தெருக்கள் விடுபட்டன. தெருக்களின் பெயரும் இருந்தது. ஐந்தாவது பெயர் அவர்கள் தெரு. துருவி நாளிதழின் பெயர், தேதி, பக்கம் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிக்கொண்டாள். எழுதியதை அவள் இரண்டு முறை விரல் வைத்துச் சரிபார்ப்பதைப் பிளம்பர் பார்த்தார். தோண்டிய குழியில் கசிவு அகப்படும்போது அவரும் அப்படித்தான் இரண்டு முறை தொட்டுப் பார்ப்பார்.

இரண்டு வாரம் கழித்து சாவி வந்தது. புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், ‘நகரின் பழைய குழாய்கள் அனைத்தும் மாற்றப்பட்டுவிட்டன’ என்றது. கீழே ஆதாரம்: குடிநீர் அலுவலக இணையதளம். பிளம்பரின் போனில் இணையதளத்தைத் திறந்தார்கள். ‘பழைய குழாய்கள் நூறு சதவீதம் மாற்றப்பட்டன’ என்று அதில் இருந்தது. ஆதாரம்: நகரக் குடிநீர் வரலாறு, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.

“கோழியைக் கேட்டா முட்டையைக் காட்டுது, முட்டையைக் கேட்டா கோழியைக் காட்டுது” என்றார் பிளம்பர்.

“கூமுட்டைப்பா” என்றாள் துருவி.

அவள் அத்தோடு விடவில்லை. குடிநீர் அலுவலகத்தில் ‘தகவல் பொறுப்பாளர்’ என்று பலகை போட்ட அறைக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு போனாள். நாளிதழ்ச் செய்தியைக் காட்டி, எது சரி என்று கேட்டாள்.

“தகவலுக்குத்தான்மா நான் பொறுப்பு” என்றார் அவர் பொறுமையாக. “அது சரியா தப்பாங்கிறதுக்கு வேற பிரிவு.”

“அந்தப் பிரிவு எந்த மாடி சார்?”

“இன்னும் ஆரம்பிக்கலை.”

துருவி கட்டுரையை எழுதினாள். புத்தகமும் இணையதளமும் ஒன்றையொன்று காட்டிக்கொள்வதைப் படம் வரைந்து அம்புக்குறி போட்டாள். நாளிதழ்ச் செய்தியைத் தேதியோடு சேர்த்தாள். அப்பா பார்த்ததை, எந்த மாதம், எத்தனை அடி ஆழம் என்று எழுதினாள். பதினாலு பக்கம்.

ஆய்வுப் பாடத்துக்குப் பொறுப்பான ஆசிரியை அதை முழுக்கப் படித்தார். படித்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு பிளம்பரை வரச் சொன்னார்.

“நாளிதழ் ரெண்டு புள்ளி. நீங்க பூஜ்யம். புத்தகத்தையும் இணையதளத்தையும் இவ ஆதாரமா எடுத்துக்கலை, தப்புன்னு எழுதியிருக்கா. அதனால அந்தப் பத்துப் புள்ளியும் வராது. மொத்தம் ரெண்டு.”

“ஆனா இதுதானே டீச்சர் உண்மை?”

ஆசிரியை அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். “எனக்குத் தெரியாதா? நான் உங்க பக்கத்துத் தெருதான். கேன் தண்ணிதான் வாங்குறேன். ஆனா கட்டுரை பாஸ் ஆகலைன்னா இவ வருஷப் பரீட்சை எழுத முடியாது. ஒரு பதினாலு பக்கத்துக்காக ஒரு வருஷத்தை விடணுமா? நீங்களே சொல்லுங்க.”

துருவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பிளம்பர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அவங்க கேக்கிற மாதிரி எழுதிக் குடுத்துடும்மா. காகிதத்துல என்ன எழுதினா என்ன? தெருவுக்கு அடியில இருக்கிறது இருக்கத்தானே போகுது.”

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. துருவி ஒரே மாலையில் எழுதி முடித்தாள். புத்தகம் ஐந்து, குடிநீர் அலுவலகம் ஐந்து, சுகாதார அலுவலகம் ஐந்து, கலைக்களஞ்சியம் நாலு. ஒரு புள்ளி குறைந்தது. குழாய் விற்கும் ஒரு கடையின் இணையதளத்தைச் சேர்த்து இருபதாக்கினாள்.

முதல் பரிசு அவளுக்குத்தான் கிடைத்தது. விழாவில் தலைமையாசிரியை கட்டுரையை உயர்த்திப் பிடித்தார்.

“இந்தக் கட்டுரையில இந்தப் பொண்ணோட சொந்த வரின்னு ஒண்ணுகூட இல்ல. எல்லாத்துக்கும் கீழ ஆதாரம் இருக்கு. இந்த வயசுல தன்னோட கண்ணையும் காதையும் ஒதுக்கி வைக்கிற பக்குவம் வர்றது சாதாரண விஷயம் இல்ல!”

சிறப்பு விருந்தினராக வந்திருந்த குடிநீர் அலுவலகப் பொறியாளர் பலமாகத் தட்டினார். கட்டுரையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனார். துருவி கோப்பையை வீட்டுக்குக் கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

மழை வந்தது. இந்த முறை தெருவில் ஒன்பது பேர் படுத்தார்கள். எதிர்வீட்டு இஸ்திரிக்காரரின் மனைவிக்கு ஏழாம் மாதம். அவளுக்கும் கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்தார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

தெருவே திரண்டு குடிநீர் அலுவலகத்துக்கு மனுவோடு போனது. பொறியாளர் எல்லோரையும் உட்காரச் சொன்னார். நாற்காலி இரண்டுதான் இருந்தது.

“உங்க வருத்தம் புரியுது. ஆனா பழைய குழாய்னு நீங்க சொல்றதுக்கு எந்த ஆதாரமும் இல்ல. புதுக் குழாய்னு சொல்ல ஆதாரம் இருக்கு. அதுவும் நாங்க எழுதினது இல்ல. நடுநிலையான ஆய்வு. உங்க தெருவிலேயே குடியிருக்கிற ஆய்வாளர் பண்ணினது.” அவர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். பள்ளியின் இணையதளம். முதல் பரிசு. இரட்டைச் சடையோடு துருவியின் படம்.

“அது என் பொண்ணு” என்றார் பிளம்பர்.

“அப்படியா? ரொம்ப சந்தோஷம். அப்போ உங்களுக்கே எல்லாம் தெரிஞ்சிருக்குமே!”

இஸ்திரிக்காரர் திரும்பிப் பிளம்பரைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் பிளம்பருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் துருவி தலைமையாசிரியையிடம் போய், கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

“திரும்ப வாங்குறதா? அது இப்போ கட்டுரை இல்லம்மா, ஆதாரம். மூணு பள்ளிக்கூடத்துல மேற்கோள் காட்டிட்டாங்க. ஆதாரத்தைத் திரும்ப வாங்க முடியாது, மறுக்கத்தான் முடியும். மறுக்கணும்னா அதைவிட அதிகப் புள்ளியோட வா.”

“நான் எழுதினது பொய் மேடம்.”

“இருக்கலாம். ஆனா நீ எழுதின முறை சரி.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பிளம்பர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். யாரையும் கூப்பிடவில்லை. சற்று நேரத்தில் இஸ்திரிக்காரர் மண்வெட்டியோடு வந்து எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினார். நாலரை அடியில் குழாய் தட்டுப்பட்டது. மண்ணைத் தள்ளியதும் இஸ்திரிக்காரர் அதன் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

தெருவே வரிசையில் நின்று எட்டிப் பார்த்தது. துருவியும் பார்த்தாள். பிளம்பரின் மனைவியும் வந்து பார்த்துவிட்டுக் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை குடிநீர் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். குழாயைப் பார்த்தார்கள், அளந்தார்கள், படம் எடுத்தார்கள். ஏழு வருடமாகக் காத்திருந்த தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. புதன்கிழமை பிளம்பரின் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. துருவி அதைச் சத்தமாகப் படித்தாள்.

‘மேற்படி தெருவில் புதிய குழாய் பதிக்கப்பட்டிருப்பது ஆதாரங்களால் உறுதியாகிறது. எனினும் தற்போது அவ்விடத்தில் துருப்பிடித்த பழைய குழாய் காணப்படுகிறது. எனவே, குழாய்த் தொழில் தெரிந்தவரான தாங்கள், அரசுக்குச் சொந்தமான புதிய குழாயை அப்புறப்படுத்தி, அதன் இடத்தில் பழைய குழாயைப் பதித்துள்ளீர்கள் எனக் கருத இடமிருக்கிறது. புதிய குழாயை ஏழு நாட்களுக்குள் ஒப்படைக்கவும்.’

“எத்தனை அடியாம்?” என்றார் பிளம்பர்.

“ஆயிரத்து இருநூறு அடிப்பா.”

“அவ்வளவையும் ராவோட ராவா தனியாப் பண்ணியிருக்கேனாம். நல்ல வேலைக்காரன்னு ஒரு சான்றிதழாவது குடுக்கச் சொல்லு.” அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

விசாரணைக்குத் துருவியும் போனாள். நோட்டீஸோடு இணைத்திருந்த ஒரே ஆதாரம் அவள் கட்டுரைதான். விசாரணை அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார்.

“இது நீ எழுதினதா?”

“ஆமா சார். ஆனா அது பொய். பொய்னு தெரிஞ்சேதான் எழுதினேன். எங்கப்பா சொன்னதுதான் நிஜம்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “அதாவது நீ பொய் எழுதுற பொண்ணு.”

“அந்த ஒரு தடவை.”

“பொய் எழுதுற பொண்ணு இப்போ சொல்றதை நான் எப்படிம்மா நம்புறது? அதுவும் அப்பாவைக் காப்பாத்தச் சொல்ற.” அவர் குரலில் கோபமே இல்லை. “பாரு, இந்தக் கட்டுரையில இருபது ஆதாரப் புள்ளி இருக்கு. உன்கிட்ட என்ன இருக்கு?”

எழுத்தர் எழுதிக்கொண்டார்: சாட்சி நம்பத்தகுந்தவர் அல்ல, சாட்சி எழுதிய கட்டுரை நம்பத்தகுந்தது.

அவர்கள் தெருவுக்குத் திரும்பியபோது லாரி ஒன்று நின்றிருந்தது. ஆறு பேர் வேகவேகமாகக் குழியை மூடிக்கொண்டிருந்தார்கள். மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கி, மேலே ஜல்லியும் தாரும் பரப்பினார்கள். அந்த அலுவலகம் அந்தத் தெருவில் செய்த முதல் வேலை அது. ஒன்றே கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். பிளம்பர் ஓரமாக நின்று பார்த்தார். வேலை தெரிந்தவர்கள்தான். மட்டம் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

லாரி போன பிறகு இஸ்திரிக்காரர் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. துருவி பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து, ஈரத்தார் ஓரமாகக் குந்தி உட்கார்ந்தாள்.

“என்ன பண்ற?”

“எழுதறேன்பா. தேதி, நேரம், எத்தனை அடி, லாரி நம்பர். குழிக்குள்ள எட்டிப் பார்த்தவங்க பேரெல்லாம். முப்பத்தேழு பேரு.”

“எதுக்கு? யார் நம்பப் போறாங்க?”

“தெரியலை.” அவள் நிமிரவில்லை. “பிளம்பர் சொன்னார்னு போடவா, எங்கப்பா சொன்னார்னு போடவா?”

அவர் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

“ரெண்டும் வேணாம். நீயும்தானே பார்த்தே? நான் பார்த்தேன்னு போடு.”